லோவெலுக்கு ஒரு காற்றுமானி

பைன்டேல், வயோமிங்
மே 11

அன்புள்ள ஆர்டித் அக்காவுக்கு,

நான் சௌக்கியம். நீயும் மெர்ல் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அத்தானின் முழங்கால் எப்படி இருக்கிறது? இங்கே பனி உருகி ஓடை கரைபுரண்டு ஓடுகிறது. வேலி மூன்று இடத்தில் சாய்ந்துவிட்டது. தினமும் அதைத்தான் நிமிர்த்திக்கொண்டிருக்கிறேன்.

ஒரு காரியமாக எழுதுகிறேன். செப்டம்பரில் உங்கள் ஊர்ப் பக்கம் நடக்கும் நெடுந்தூரச் சுடும் போட்டிக்கு இந்த வருஷமும் பேர் கொடுக்கலாமென்று இருக்கிறேன். ஜோடிப் பிரிவில் இல்லை, தனியாக. அதற்கு ஒரு காற்றுமானி வேண்டும். உன் கடையில் என்னென்ன தினுசு இருக்கிறது, எது நல்லது என்று எழுது. இத்தனை வருஷம் எனக்கு அது தேவைப்படவில்லை. ஏன் என்று உனக்கே தெரியும்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி,
லோவெல்


லூயிஸ்டவுன், மான்டானா
மே 17

அன்புள்ள தம்பி லோவெலுக்கு,

அக்காவின் ஆசிகள். நாங்கள் இருவரும் நலம். அத்தானின் முழங்காலுக்கு ஊசி போட்டிருக்கிறது. வலி குறைந்ததும் வாய் கூடிவிட்டது.

உன் கடிதத்தைக் கடையில் நின்றபடியே படித்தேன். படித்துவிட்டு அழுதேன், சொல்லிவிடுகிறேன். பிப்ரவரியில் கார்லிஸை அடக்கம் செய்த அன்று நீ நின்ற நிலையைப் பார்த்து, இவன் இனித் துப்பாக்கியைத் தொடவே மாட்டான் என்று நினைத்துக்கொண்டுதான் ஊர் திரும்பினேன். போட்டிக்கு வருகிறேன் என்று நீயே எழுதியிருக்கிறாய். அதுவே எனக்குப் போதும்.

அவள் குப்புறப் படுத்துத் தொலைநோக்கியில் கண் வைத்து, சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டே, "இடப்பக்கம் ஒண்ணரை வை. இரு, இரு. புல்லு சாயட்டும். இப்ப அடி" என்பாளே, அது இன்னும் என் காதில் கேட்கிறது. நீ மறுபேச்சில்லாமல் அடிப்பாய். உன் கல்யாண வாழ்க்கையில் அவள் பேச்சை நீ கேட்ட இடம் அது ஒன்றுதான் என்று அத்தான் சொல்லிச் சிரிப்பார்.

சரி, வியாபாரத்துக்கு வருகிறேன். எங்களிடம் மூன்று தினுசு உண்டு. முதலாவது உள்ளங்கைக்குள் அடங்கும். சின்னக் காற்றாடி ஒன்று சுழலும். காற்றின் வேகத்தையும் குளிரையும் சொல்லும், அதோடு சரி. இரண்டாவது காற்றழுத்தம், ஈரப்பதம் எல்லாம் சொல்லும். அந்த எண்களைப் பார்த்து நீ போனில் கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். மூன்றாவது தானே கணக்கும் போட்டு, துப்பாக்கியின் குறிநோக்கியை இத்தனை கட்டம் திருப்பு என்று உத்தரவும் கொடுக்கும். பையன்கள் அதற்குத்தான் பறக்கிறார்கள். உனக்கு உத்தரவு போட்டால் பிடிக்காது என்பது எனக்குத் தெரியும்.

எதை வாங்கினாலும் ஒன்று. அது நீ நிற்கும் இடத்துக் காற்றைத்தான் சொல்லும். நடுப் பள்ளத்தாக்கில் காற்று என்ன செய்கிறது என்று அதற்குத் தெரியாது. அதை நீதான் புல்லையும் கானலையும் பார்த்துப் பழக வேண்டும்.

கையுறையோடு அழுத்த வேண்டுமா, பேட்டரி எப்படி வேண்டும், எத்தனை வருஷ உத்தரவாதம் வேண்டும் என்றெல்லாம் எழுது. போனில் பேசலாம் என்றால் நீ வண்டியை மேட்டுக்கு ஓட்டிக்கொண்டு போக வேண்டும், போனாலும் "ம்", "ம்" என்பாய். காகிதத்தில்தான் உனக்கு வாய் திறக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
ஆர்டித்


பைன்டேல்
ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அத்தானுக்கு ஊசி போட்டது கேட்டுச் சந்தோஷம்.

இரண்டாவது தினுசே இருக்கட்டும். பேட்டரி பொத்தான் மாதிரி இருப்பது வேண்டாம். இங்குள்ள குளிரில் அது காலையில் உயிரோடு இருக்கும், மத்தியானம் செத்துக் கிடக்கும். டார்ச்சுக்குப் போடும் பென்சில் பேட்டரி என்றால் எந்தக் கடையிலும் கிடைக்கும். பொத்தான்கள் பெரிதாக இருக்கட்டும். ஐந்து வருஷ உத்தரவாதம் உள்ளதாகப் பார். என் கையில் எதுவும் சும்மா இருக்காது, குதிரை மிதிக்கும், வண்டிச் சக்கரம் ஏறும்.

பக்கத்துப் பண்ணை நாரிஸ் நேற்று வந்திருந்தார். காற்றுமானி வாங்குகிறேன் என்றேன். "ஏம்ப்பா, எச்சிலத் தொட்டு விரலத் தூக்கிக் காட்டினா தெரியாததா? அதுக்கும் மிசினா?" என்றார். அவர் ஆயிரம் கெஜத்தில் ஒரு தடவைகூடப் பலகையைத் தொட்டதில்லை என்று சொல்லி வாயை அடைத்தேன்.

கார்லிஸ் விதைத்த பட்டாணி முளைத்திருக்கிறது. போன வருஷம் உதிர்ந்த விதை போலிருக்கிறது. பிடுங்கவில்லை.

உன் தம்பி,
லோவெல்


லூயிஸ்டவுன்
ஜூன் 9

அன்புள்ள லோவெலுக்கு,

நலம், நலமறிய ஆவல். காற்றுமானியை இத்துடன் தனிப் பெட்டியில் அனுப்பியிருக்கிறேன். நீ கேட்டதெல்லாம் இருக்கிறது: பென்சில் பேட்டரி, பெரிய பொத்தான், ஐந்து வருஷ உத்தரவாதம். காற்றாடி உடைந்தால் அதை மட்டும் கழற்றி வேறு மாட்டலாம். கழுத்தில் மாட்டிக்கொள்ளக் கயிறு வைத்திருக்கிறேன், சட்டைப் பையில் போடாதே. உடம்புச் சூட்டில் தப்பான வெப்பம் காட்டும்.

பணம் அனுப்பினால் திருப்பி அனுப்புவேன், தபால் செலவு உன் தலையில்.

போட்டி நாளில் படுத்துச் சுட என் பக்கத்துப் பாய் உனக்கு. சொல்லி வைத்துவிட்டேன்.

ஆசிகளுடன்,
ஆர்டித்


பைன்டேல்
ஜூலை 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அங்கே வெயில் எப்படி? அத்தான் நடக்கிறாரா?

உன் கருவி பொய் சொல்கிறது. ஞாயிற்றுக்கிழமை மேல் மேய்ச்சல் நிலத்தில் பலகை நட்டு ஆயிரம் கெஜத்தில் சுட்டேன். ஐந்து குண்டும் பலகைக்கு மேலே ஆள் உயரத்துக்குப் பறந்து பின்னால் மேட்டில் புழுதி கிளப்பின. கூட வந்த நாரிஸ் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டு, "என்னப்பா லோவெல், ஆகாசத்துல ஏதாச்சும் பறக்குதா? அதையா சுடுற?" என்றார். சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது. எனக்கு எரிச்சல்தான் வந்தது.

காற்றழுத்தம் இருபத்து மூன்று என்று காட்டுகிறது. ரேடியோவில் முப்பது என்று சொன்னார்கள். இவ்வளவு வித்தியாசம் வருமா? அதனால் கருவியை நம்பாமல் ரேடியோ எண்ணைப் போட்டுத்தான் கணக்குப் பண்ணினேன். அப்படியும் இந்த லட்சணம்.

வீட்டுக்குள் தூக்கம் வருவதில்லை. வண்டியில் படுத்துக்கொள்கிறேன். கோடைதானே.

உன் தம்பி,
லோவெல்


லூயிஸ்டவுன்
ஜூலை 12

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். அத்தான் கோல் இல்லாமல் நடக்கிறார்.

அட மடையா! ரேடியோக்காரன் சொல்வது கடல் மட்டத்துக்குச் சரிக்கட்டிய அழுத்தம். ஊருக்கு ஊர் ஒப்பிடுவதற்காக அப்படிச் சொல்கிறான். நீ இருப்பது ஏழாயிரம் அடி உயரத்தில். அங்கே காற்று மெலிவு, இருபத்து மூன்றுதான் உண்மை. நீ முப்பது என்று போட்டதும், குண்டு கனத்த காற்றைக் கிழித்துக்கொண்டு போக வேண்டும் என்று கணக்கு நினைத்துக்கொண்டு, தூக்கி அடிக்கச் சொல்லியிருக்கிறது. மெலிந்த காற்றில் குண்டு தாராளமாக மேலே போய்விட்டது. கருவி பொய் சொல்லவில்லை, உன் துப்பாக்கியிலும் குற்றமில்லை. இந்தக் கதையைக் கடையில் சொன்னேன். பத்து வயதுப் பையன் ஒருவன்கூடச் சிரித்தான்.

கார்லிஸ் இருந்திருந்தால் முதல் குண்டுக்கே உன் தொப்பியைப் பிடுங்கி எறிந்திருப்பாள்.

எழுதிவிட்டேன், எழுதியதை அடித்துவிட மனசு வரவில்லை. இருக்கட்டும்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். முப்பது வருஷமாகச் சுடுகிறவன், புதுசாகத் துப்பாக்கி வாங்கியவன் செய்யும் தப்பைச் செய்திருக்கிறாய். ஏன் வண்டியில் படுக்கிறாய்? தூங்குகிறாயா, இல்லையா? சாப்பாடு என்ன? நேராக எழுது.

அக்கா


பைன்டேல்
ஆகஸ்ட் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உடனே எழுத முடியவில்லை. நீ சொன்னது சரி, இருபத்து மூன்று போட்டதும் குண்டு பலகையில் விழுந்தது.

யோசித்துப் பார்த்தேன். இவ்வளவு நல்ல கருவி எனக்கு எதற்கு? திருப்பி அனுப்பட்டுமா? அந்த முதல் தினுசு போதும். பனி விழும்வரை தாங்கினால் சரி. ஐந்து வருஷ உத்தரவாதம் வேறு யாருக்காவது உதவட்டும்.

குதிரை இரண்டையும் நாரிஸிடம் கொடுத்துவிட்டேன். அவர் நன்றாகப் பார்த்துக்கொள்வார். அதனால் இந்த வருஷம் வைக்கோல் வாங்கவில்லை. வேலை குறைந்துவிட்டது.

பட்டாணியை நாரிஸின் மாடு மேய்ந்துவிட்டது.

போட்டியில் பார்ப்போம். அத்தானைக் கேட்டதாகச் சொல்.

லோவெல்


லூயிஸ்டவுன்
செப்டம்பர் 22

அன்புள்ள லோவெல்,

நீ வரவில்லை.

என் பக்கத்துப் பாயை யாருக்கும் கொடுக்கவில்லை. உன் பேரை மூன்று தடவை கூப்பிட்டார்கள். வண்டி வழியில் நின்றிருக்கும் என்று அத்தான் சாயங்காலம் வரை சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குச் சமாதானமாகவில்லை. நாரிஸுக்குப் போன் போட்டேன். "இருக்கான்மா. வேலி ஓரமா உக்காந்திருக்கான். கூப்பிட்டா கையத் தூக்குறான். பேச்சுதான் இல்ல" என்றார். கையைத் தூக்கினான் என்றதும் எனக்கு உயிர் வந்தது.

ஊர்ச் சங்கதி ஒன்று சொல்கிறேன். எங்கள் கடையின் பின்னறையில் ஒரு துப்பாக்கித் தாங்கி இருக்கிறது, நீ பார்த்திருப்பாய். அதில் இருப்பதெல்லாம் விற்பனைக்கு உள்ளவை என்று நினைத்திருப்பாய். பாதி அப்படி இல்லை. காலம் சரியில்லாத ஆட்கள் தங்கள் துப்பாக்கிகளைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறார்கள். மனைவி பிரிந்தவன், பண்ணையை ஏலத்தில் விட்டவன், பிள்ளையைப் பறிகொடுத்தவன். "கொஞ்ச நாள் வச்சிருங்க மெர்ல்" என்பார்கள். அத்தான் ஏன் என்று கேட்கமாட்டார். ஒரு சீட்டைக் கட்டித் தொங்கவிட்டு, "காபி குடிக்கிறியா?" என்பார். வசந்தம் வந்ததும் சிலர் வாங்கிப் போவார்கள். சிலர் இன்னும் ஒரு வருஷம் இருக்கட்டும் என்பார்கள். இதில் வெட்கம் ஒன்றும் இல்லை. பள்ளிக்கூட வண்டி ஓட்டுகிற கிளிண்டன்கூடப் போன குளிர்காலம் முழுக்க இங்கேதான் வைத்திருந்தான். இப்போது சிரித்துக்கொண்டு வண்டி ஓட்டுகிறான்.

அது இருக்கட்டும். உன் பெரிய துப்பாக்கியில் குண்டைத் தள்ளிப் பூட்டும் போல்ட்டை உருவி எனக்குத் தபாலில் அனுப்பு. ஜூலையில் குண்டு மேலே போனதற்குப் போல்ட்டும் காரணமாக இருக்கலாம், தேய்த்துச் சரிசெய்து தருகிறேன் என்று அத்தான் சொல்கிறார். அவசரமில்லை என்று எழுதலாம். ஆனால் அவசரம்தான்.

குதிரை இல்லை. வைக்கோல் இல்லை. பனி விழும்வரை தாங்கினால் போதும் என்கிறாய். பனிக்கு அப்புறம் நீ எங்கே இருக்கப் போகிறாய், லோவெல்?

எனக்குப் பயமாக இருக்கிறது. போல்ட்டை அனுப்பு.

அக்கா


பைன்டேல்
அக்டோபர் 4

அன்புள்ள அக்காவுக்கு,

போல்ட்டுக்கும் குண்டு மேலே போனதற்கும் சம்பந்தமில்லை. தப்பு என் கணக்கில் என்று ஜூலையில் நீயே எழுதியிருக்கிறாய். கடையில் சிரித்த அந்தப் பையனுக்கும் அது தெரியும். போல்ட்டை உருவிவிட்டால் துப்பாக்கி வெறும் கம்பு, வேறெதற்கும் ஆகாது. நீ ஏன் கேட்டாய் என்று எனக்குப் புரிந்தது. இரண்டு நாள் உன் மேல் கோபமாக இருந்தது. மூன்றாம் நாள் கோபம் போய்விட்டது.

நீ ஒன்று கேட்டாய். இந்தப் பெட்டியில் மூன்று போல்ட் இருக்கின்றன. பெரியது, மான் வேட்டைக்கு வைத்திருந்தது, அப்பா கொடுத்தது. ஒவ்வொன்றையும் துணியில் சுற்றிப் பேர் எழுதியிருக்கிறேன். கைத்துப்பாக்கியை நாரிஸிடம் கொடுத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. "சரிப்பா" என்று வாங்கி மாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்தார். அப்புறம் பன்றி இறைச்சியும் அவரைக் கொட்டையும் கொடுத்து, முழுக்கச் சாப்பிடும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

கைத்துப்பாக்கி போக என்னிடம் இருப்பது நான்கு துப்பாக்கி என்று உனக்குத் தெரியும். நான்காவது கார்லிஸுடையது. அதன் போல்ட்டை மூன்று தடவை பெட்டியில் வைத்து மூன்று தடவையும் வெளியே எடுத்துவிட்டேன். தபாலில் போட என்னால் முடியவில்லை.

எனக்கு ஒன்றும் பிடிக்கவில்லை, அக்கா. காலையில் காபி போடுகிறேன், குடிக்க மறந்து ஆறிப்போகிறது. காற்று அடித்தால் அவள் ஏதோ சொல்வாள் என்று காது கொடுக்கிறேன். அந்தக் கருவியைத் தூக்கிப் பிடித்தால் பன்னிரண்டு என்கிறது, பதினாலு என்கிறது. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? தப்பு உன் கருவியில் இல்லை.

நான்காவதை நீ வந்து வாங்கிக்கொள். மேட்டுப் பாதையைப் பனி அடைப்பதற்குள் வா. நீ வரும்வரை இருப்பேன்.

லோவெல்


பைன்டேல்
அக்டோபர் 11

அன்புள்ள மெர்ல்,

நான் பத்திரமாக வந்து சேர்ந்தேன். மேட்டில் போனில் பாதிதான் கேட்டிருக்கும், அதனால் எழுதுகிறேன். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். அந்த மூன்று போல்ட்டையும் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டீர்களா?

வழியெல்லாம் கடிதத்தின் தேதிதான் மனசில் ஓடியது. அவன் எழுதியது நான்காம் தேதி, நம் கைக்கு வந்தது ஒன்பதாம் தேதி. தபால் ஊர்ந்துகொண்டிருந்த நாளெல்லாம் அவன் அந்த ஒன்றோடு தனியாக இருந்திருக்கிறான். வேலிக் கதவைத் திறந்தபடியே போட்டுவிட்டு வண்டியை உள்ளே ஓட்டினேன்.

வாசல்படியில் உட்கார்ந்திருந்தான். கோட்டு இல்லை. ஆள் பாதியாகிவிட்டான், மெர்ல். தாடிக்குள் முகத்தையே காணோம்.

"எத்தன நேரமாடா இங்க உக்காந்திருக்க?" என்றேன்.

"நாலஞ்சு நாளாவே உக்கார்றேன். நீ எப்ப வருவன்னு தெரியலயே."

"கடுதாசி நேத்து முந்தாநாள்தான்டா வந்துச்சு."

"தெரியும். தபால் வண்டி போன அப்புறம்தான் பெட்டிய எடுத்துட்டுப் போனேன். மறுநாள் வரைக்கும் அங்கயே கெடந்திருக்கும். புத்தி வேல செய்யல."

பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறகு சட்டைப் பைக்குள் கைவிட்டு அந்தப் போல்ட்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். கதகதப்பாக இருந்தது. எத்தனை நாளாக நெஞ்சோடு வைத்திருந்தானோ தெரியவில்லை.

"இது அவளோடது. இதையும் குடுத்துட்டா அவகிட்டேர்ந்து எல்லாத்தையும் பிடுங்கின மாதிரி ஆயிடும்னு இருந்துச்சுக்கா. இத வச்சிக்கிட்டு நான் என்ன செய்வேன்னும் எனக்குத் தெரிஞ்சுது."

"குடுத்துட்டல்ல. போதும்டா."

"அழாதக்கா."

"நான் எங்கடா அழறேன், குளிருது" என்றேன். இரண்டு பேரும் அழுதோம். சின்ன வயதில் அப்பா அடித்தபோதுகூட அவன் இப்படி அழுததில்லை.

நாரிஸ் சாயங்காலம் குதிரையில் வந்து என் வண்டியைப் பார்த்துவிட்டு, உள்ளே வராமலே திரும்பிப் போனார். போகும்போது வாசலில் ஒரு சட்டி குழம்பு வைத்துவிட்டுப் போயிருக்கிறார். லோவெல் இரண்டு கரண்டி சாப்பிட்டான். திங்கட்கிழமை ஊருக்குள் டாக்டரிடம் போகலாம் என்றேன். சரி என்றான். எனக்கு முழுசாக நம்பிக்கை இல்லை, அன்று காலையில் என்ன சொல்வானோ. துப்பாக்கி நான்கும் கொட்டகையில் கம்பாகக் கிடக்கின்றன. இந்தப் போல்ட்டு என் கோட்டுப் பையில். தூங்கும்போதும் கோட்டைக் கழற்றப் போவதில்லை.

இன்றைக்குத்தான் வண்டியை விட்டு வீட்டுக்குள் படுக்க வந்திருக்கிறான். கட்டில் பக்கம் போகவில்லை, கூடத்து நாற்காலியைச் சாய்த்துப் படுத்திருக்கிறான். கதவைச் சாத்தாதே என்றேன். சாத்தவில்லை. வெளியே பனி விழ ஆரம்பித்துவிட்டது. மேட்டுப் பாதை நாளைக்கே அடைத்துவிடும் என்று தோன்றுகிறது.

அடுக்களை மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அவன் மூச்சுவிடுவது எனக்கு இங்கே கேட்கிறது. எப்போது திரும்புவாய் என்று இப்போது கேட்காதீர்கள்.

ஆர்டித்